ஒரே ஒரு டாரட் கார்டு: எந்த வழியில் வரைவது?

பல ஓவியர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு கார்டு வரைந்து, குறி சொல்லப் பயன்படும் படச்சீட்டான டாரட்டின் முழுக் கட்டு ஒன்றை அச்சிடும் கூட்டு முயற்சிகள் இப்போது அங்கங்கே நடக்கின்றன. 78 கார்டு, 78 கை. அதில் உங்கள் பங்குக்கு ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிதாகக் காசு வராது. ஆனால் அச்சில் வரும், போர்ட்ஃபோலியோவில் வைக்கலாம், வரையவும் ஆசையாக இருக்கும். சரி, பென்சிலை எடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: பழைய படத்தில் எதை அப்படியே வைப்பது, எதைத் தூக்கி எறிவது?

டாரட் குறி பலிக்குமா என்ற வழக்குக்குள் நான் போகப் போவதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. படங்கள்மேல் பிரியம் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாடுவதற்காகப் பிறந்த கார்டுகள் இவை. 1781-ல் கூர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் ‘இது எகிப்தின் மறைஞானம்’ என்று எழுதினார். ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது; சில ஆண்டுகளிலேயே குறி சொல்வதற்கென்று தனிக் கட்டுகள் வந்துவிட்டன. ஓவியருக்கு இந்தக் கதையில் ஒரு நன்மை இருக்கிறது. முதலில் படம் வந்தது, பொருள் பிறகு வந்து ஏறியது. அதனால் படத்தைத் தொட்டால் ஏதோ வேதத்தைத் திருத்துகிறோம் என்ற பயம் வேண்டாம்.

உதாரணத்துக்கு நிலா கார்டையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். மேஜர் ஆர்க்கானா எனப்படும் 22 கார்டுகளில் அதற்கு எண் 18. மயக்கம், அரைவெளிச்சத்தில் ஒன்று இன்னொன்றாகத் தெரிவது, காரணம் புரியாத பயம், கனவு என்று இன்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பழக்கமான படத்தில் மனிதர் யாரும் இல்லை. மேலே நிலா, நடுவில் இரண்டு கோபுரங்கள், இரண்டு நாய்கள், கீழே குட்டையிலிருந்து ஏறி வரும் ஒரு சிங்கி இறால். முகபாவம் வரைந்தே பிழைப்பு நடத்தும் ஓவியர் கையில் இந்தக் கார்டு வந்தால் கொஞ்சம் திணறல்தான்.

நிலா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். 1450ஐ ஒட்டி மிலான் ஆட்சியாளர் குடும்பத்துக்காகத் தீட்டப்பட்ட விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா கட்டில் ஒரு பெண் பிறையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான், நாயும் இல்லை, இறாலும் இல்லை. பாரீஸ் தேசிய நூலகத்தில் ‘ஆறாம் சார்லஸ் கட்டு’ என்ற பெயரில் சில இத்தாலியக் கார்டுகள் இருக்கின்றன. அந்த அரசருக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை என்பது வேறு விஷயம். அங்கே நிலாவுக்குக் கீழே இரண்டு வானியலாளர்கள் காம்பஸ் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்கள். 1650 வாக்கில் பாரீஸில் ழாக் வியேவில் அச்சிட்ட கட்டில் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பெண் நூல் நூற்கிறாள். குட்டையும் இறாலும் 1500ஐ ஒட்டிய மிலான் அச்சுத்தாள் ஒன்றில் தலைகாட்டுகின்றன. வெட்டப்படாத அந்தத் தாள் இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 200 வருடத்துக்குள் ஒரே கார்டுக்கு இத்தனை முகம். மாற்றும் உரிமை உங்களுக்கும் உண்டு. எவ்வளவு மாற்றினால் கார்டு கார்டாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

என் பார்வையில் வழிகள் நான்கு.

ஸ்மித் வழி

இன்று இணையத்தில் டாரட் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 1909 டிசம்பரில் லண்டனில் வெளியான கட்டு. திட்டம் மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, பதிப்பித்தது ரைடர் நிறுவனம், வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். வரைந்தவரை விட்டுவிட்டு மற்ற இருவர் பெயரால் ‘ரைடர்-வெயிட்’ என்றே பல காலம் அழைத்தார்கள். அண்மைக் காலமாகத்தான் ஸ்மித்தையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது. வேலை முடிந்த கையோடு புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். 80 படம் வரைந்து முடித்திருக்கிறேன், பெரிய வேலை, காசுதான் ரொம்பக் குறைவு என்று அதில் சொல்கிறார். ஃப்ரீலான்ஸ் செய்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

பழைய படத்திலிருந்து ஸ்மித்தின் நிலா கார்டில் தெரியும் மாற்றங்களைப் பாருங்கள். இரண்டு நாய்களில் ஒன்று ஓநாய் ஆயிற்று; பழகிய மிருகமும் பழகாத மிருகமும் ஒரே நிலாவைப் பார்த்து ஊளையிடுகின்றன. இரண்டும் மனதின் பயங்கள் என்று வெயிட் தன் விளக்க நூலில் எழுதுகிறார். நிலாவிலிருந்து விழும் துளிகள் ‘யோத்’ என்ற எபிரேய எழுத்தின் வடிவத்துக்கு மாறின. எனக்குப் பிடித்தது மூன்றாவது மாற்றம். இறால் ஏறும் கரையிலிருந்து ஒரு பாதை கிளம்புகிறது. நாய்க்கும் ஓநாய்க்கும் நடுவே நுழைந்து, கோபுரங்களைத் தாண்டி, வளைந்து வளைந்து தூரத்து மலைக்குப் போகிறது. படத்தைப் பார்க்கிறவரின் கண்ணும் அதே வழியில் கீழிருந்து மேலே ஏறுகிறது. அந்தப் பாதை இல்லாவிட்டால் படம் அடுக்கி வைத்த சாமான்களாக நின்றுவிடும். சின்னமும் அமைப்பும் ஒரே கோட்டில் சேர்ந்த இடம் அது.

இந்த வழியின் பெரிய லாபம், பார்த்தவுடனே புரியும் என்பது. ஆங்கிலம் வழியாக டாரட் கற்ற பலருக்கும் இந்தப் படங்கள்தான் அரிச்சுவடி. உங்கள் கார்டை மேசைமேல் போட்டதும் விளக்கம் கேட்காமல் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்தச் சின்னத்துக்கு என்ன பொருள் என்பதற்கு அகராதியே தயாராக இருக்கிறது.

நஷ்டமும் அங்கேதான். பூனை வைத்து, நரி வைத்து, விண்வெளி வீரர்களை வைத்து ஸ்மித் படங்களுக்கு உடை மாற்றிய கட்டுகள் ஏராளமாக வந்தாயிற்று. நாய் இருந்த இடத்தில் நரியை வைத்தால் அது உங்கள் கார்டு ஆகிவிடாது. நரி வேஷம் போட்ட ஸ்மித் கார்டு, அவ்வளவுதான். வாடிக்கையாளரிடம் போர்ட்ஃபோலியோ காட்டும்போது உங்கள் கோட்டைப் பாராட்டுவார்கள். யோசனை உங்களுடையது என்று நம்ப மாட்டார்கள்.

உரிமை விஷயத்தில் பயம் வேண்டாம், கவனம் வேண்டும். ஸ்மித் 1951-ல் இறந்தார். ஓவியர் இறந்து 60 ஆண்டு என்ற இந்தியக் கணக்கில் 2011 முடிவோடும், 70 ஆண்டு என்ற இங்கிலாந்துக் கணக்கில் 2021 முடிவோடும் அந்தப் படங்கள் பொதுச்சொத்தாகிவிட்டன. ஆனால் பிற்காலத்தில் நிறம் மாற்றி, எழுத்து மாற்றி வெளியிட்ட பதிப்புகளுக்குப் பதிப்பாளர்கள் தனியாக உரிமை கோரலாம். பார்த்து வரைவதாக இருந்தால் பழைய 1909–10 அச்சின் ஸ்கேனைத் தேடி எடுங்கள். கடையில் விற்கும் இன்றைய பெட்டியைப் பிரித்து வைத்து வரையாதீர்கள்.

மார்செய் வழி

ஸ்மித்துக்கு முன்னால் இரண்டு மூன்று நூற்றாண்டு பிரான்சில் புழங்கியது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ‘மார்செய்’ வடிவம். 1650 வாக்கில் ழான் நோப்லே அச்சிட்டது, 1760 என்ற ஆண்டைத் தாங்கிய நிக்கோலா கோன்வேர் கட்டு ஆகியவை பெயர் பெற்றவை. கறுப்புக் கோட்டை மரக்கட்டையில் அச்சிட்டு, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நாலைந்து நிறத்தை ஸ்டென்சில் வைத்துத் தடவியிருப்பார்கள். நிறம் கோட்டைத் தாண்டி வழிவது சகஜம். இதைச் செய்தவர்கள் சீட்டுக்கட்டுத் தொழிலாளிகள். இந்தத் துளிக்கு இது பொருள், இந்த நாய்க்கு அது பொருள் என்று எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

மார்செய் நிலாவைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நாய்கள் பக்கவாட்டிலிருந்து தெரிகின்றன. கோபுரங்கள் தூரத்துக் கோட்டையைப் போலச் சிறுத்து மூலையில் நிற்கின்றன. குட்டையில் இருக்கும் இறாலோ நேர் மேலிருந்து பார்த்த மாதிரி, தட்டில் பரிமாறியது போல முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது. ஒரே படத்துக்குள் மூன்று கோணம். ஓவியப் பள்ளியில் இப்படி வரைந்தால் திருத்தச் சொல்வார்கள். ஆனால் ‘எதுவும் அது இருக்கிறபடி தெரியவில்லை’ என்று சொல்ல வேண்டிய கார்டுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி இருக்கிறதா? செதுக்கியவர் இதை வேண்டுமென்றே செய்திருக்க வாய்ப்பு குறைவு. நாம் வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளலாம். துளிகளும் அப்படித்தான். நிலாவிலிருந்து கீழே விழுகின்றனவா, தரையிலிருந்து நிலா உறிஞ்சுகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த வழியில் கிடைப்பது எலும்புக்கூடு: செங்குத்தாக ஒரு நடு அச்சு, மேலே ஒளி, நடுவில் இரண்டு உயிர்கள், அவற்றுக்குப் பின்னால் இரண்டு உயரமான பொருள்கள், கீழே தண்ணீர், அதிலிருந்து ஏறும் ஓட்டுப் பிராணி ஒன்று. மனிதர் கிடையாது. இதை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றதில் எதை மாற்றினாலும் டாரட் தெரிந்தவர் ‘இது நிலா’ என்று சொல்லிவிடுவார். எண்கூடத் தேவைப்படாது.

குறை இல்லாமல் இல்லை. மரக்கட்டைப் பாணியை அப்படியே நகலெடுத்தால் பழைய காலத்து ஃபில்டர் போட்ட மாதிரி ஆகிவிடும்; பாணியை விட்டுவிட்டு எலும்பை மட்டும் எடுக்க வேண்டும். இன்னொன்று பெரிய குறை. உங்களுக்கு வந்தது மீதி 56 கார்டான மைனர் ஆர்க்கானாவின் எண் கார்டாக இருந்தால் மார்செய் கை கொடுக்காது. வாள் மூன்று என்றால் அங்கே மூன்று வாள்கள் அலங்காரமாக நிற்கும், கதை எதுவும் இருக்காது. இதயத்தில் மூன்று வாள் பாய்ந்த படம் ஸ்மித் வரைந்தது. அவருக்கும் அது 1491ஐ ஒட்டிய சோலா புஸ்கா என்ற இத்தாலியக் கட்டிலிருந்து வந்தது. அந்தக் கட்டின் புகைப்படங்கள் 1907-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. எண் கார்டு வந்தவர்கள் ஸ்மித்தையும் சோலா புஸ்காவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மூலத்திலிருந்து அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று தெரிந்தால் நாம் எதை விடலாம் என்பதும் தெரியும்.

தோத் வழி

ஆங்கிலேய மறைஞானி அலெய்ஸ்டர் க்ரௌலி சொல்லச் சொல்ல, ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வாட்டர்கலரில் தீட்டிய ‘தோத்’ கட்டு இது. இருவரும் உயிரோடு இருந்தவரை கார்டுகளாக வெளியாகவில்லை, 1969-ல்தான் வந்தது. ஹாரிஸ் 1962-ல் இறந்தார். இறந்த இடம் ஸ்ரீநகர் என்பது பலருக்குத் தெரியாது.

இங்கே ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ராசி அல்லது கிரகம் அல்லது பூதம், ஓர் எபிரேய எழுத்து, நிற அட்டவணை என்று எல்லாம் முன்கூட்டியே நிர்ணயமானவை. நிலா கார்டுக்கு மீன ராசி. படத்தில் நாய்களின் இடத்தில் குள்ளநரித் தலை கொண்ட எகிப்திய தேவதை அனூபிஸ் இரண்டு உருவமாக நிற்கிறது. சிங்கி இறாலின் இடத்தில் ஒரு வண்டு, சூரியனைச் சுமந்துகொண்டு வருகிறது.

கட்டமைப்பில் பித்துப் பிடித்தவர்களுக்கு இது சொர்க்கம். ஆனால் ஒரு கார்டு மட்டும் வரைகிறவருக்கு வேண்டாம் என்பேன். அட்டவணையின் பலன் 78 கார்டும் ஒன்றோடொன்று பேசும்போதுதான் தெரியும். கூட்டுக் கட்டில் நடுவே ஒன்று மட்டும் இப்படி வந்தால் வெறும் புதிராக உட்கார்ந்திருக்கும். போதாததற்கு, 70 ஆண்டுக் கணக்கு உள்ள நாடுகளில் ஹாரிஸ் ஓவியங்களின் உரிமை 2032 முடியும் வரை ஓடுகிறது.

அந்த வண்டு மட்டும் மனதில் இருக்கட்டும். இறாலை எடுத்தவர்கள் அழகுக்காக வேறொன்றை வைக்கவில்லை. இருட்டிலிருந்து எதுவோ மேலே ஏறி வருகிறது என்பது இறால் செய்த வேலை. எகிப்தியக் கதையில் அந்த வண்டு சூரியனை இரவு கடந்து கொண்டு வருவது. அதே வேலையை இன்னும் ஒரு படி தூக்கிச் செய்கிறது. சின்னத்தை மாற்ற இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சொந்த ஊர்ச் சின்னங்கள்

தமிழ் ஓவியர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். எனக்கும் ஆசை இதில்தான் அதிகம், எரிச்சலும் இதில்தான் அதிகம். கோலம், குத்துவிளக்கு, கோபுரம், யானை என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு நிரப்பி, ‘நம்ம ஊர் டாரட்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். படம் அழகாக இருக்கும், மளிகைக் கடைக் காலண்டரிலும் போடலாம். கார்டு சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாது.

நிலாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. ஐரோப்பிய டாரட்டில் நிலா நம்ப முடியாத வெளிச்சம். நமக்கு நிலா குளிர்ச்சி. மொட்டைமாடியில் நிலாச்சோறு, வடை சுடும் பாட்டி, முயல் குட்டி, அல்லி மலர்வது, குழந்தைக்குச் சாதம் ஊட்ட ‘நிலா நிலா ஓடி வா’. பயமெல்லாம் அமாவாசைக்கு. ஆகவே முழுநிலாவுக்குக் கீழே ஒரு தமிழ்க் கிராமத்தை வரைந்தால் பார்க்கிறவருக்கு நிம்மதிதான் வரும், மயக்கம் வராது. சின்னம் சரி, பொருள் நேர் எதிர்.

சாமி படத்தைக் கார்டில் வைப்பது இன்னொரு சறுக்கல். சந்திரனையே நவக்கிரக உருவத்தில் வரைந்தால் அவருக்கென்று வாகனம், நிறம், கை அமைப்பு எல்லாம் ஏற்கெனவே உண்டு. அவை கார்டின் அமைப்பை விழுங்கிவிடும். மேலும், நிலாவுக்குச் சந்திரன் என்றால் பிசாசு கார்டுக்கும் மரண கார்டுக்கும் யார் என்ற கேள்வி அடுத்த ஓவியரின் தலையில் விழும். வேண்டாத வம்பு.

சரி, அப்படியானால் இந்த வழியையே விட்டுவிடலாமா? வேண்டாம். தேடும் முறையைத் திருப்பிப் போட்டால் போதும். ‘நம்மிடம் நிலா சம்பந்தமாக என்ன இருக்கிறது’ என்று தேடினால் நிலாச்சோறுதான் வரும். ‘கண்ணால் பார்த்ததை நம்பினால் மோசம் போவோம் என்று நம் ஊர் எங்கே எங்கே சொல்லி வைத்திருக்கிறது’ என்று தேடிப் பாருங்கள், சட்டென்று கதவு திறக்கிறது.

முதலில் நாலாம் பிறை. மூன்றாம் பிறை பார்த்தால் நல்லது. நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். விநாயகர் சதுர்த்தி அன்று நிலாவைப் பார்த்தால் செய்யாத குற்றத்துக்குப் பழி வரும் என்ற நம்பிக்கை பலருக்கும் தெரியும். கார்டுக்கு இதைவிட நெருக்கமான நிலா வேண்டுமா? முழுநிலாவை எடுத்துவிட்டு மெலிந்த நாலாம் பிறையை வைத்தாலே படத்தின் தொனி மாறிவிடும். நாயும் பழமொழியிலேயே வந்துவிட்டது. தெருநாய்கள் இரண்டு போதும், ஓநாய் தேவையில்லை. ஒன்று கழுத்தில் அறுந்த கயிற்றோடு, ஒன்று கயிறு இல்லாமல். ஸ்மித் நாய்க்கும் ஓநாய்க்கும் கொடுத்த வேலையை அந்த அறுந்த கயிறே செய்துவிடும்.

கோபுரங்களுக்குப் பதில் இரண்டு பனைமரங்கள். உயரம் இருக்கிறது, செங்குத்துக் கோடு இருக்கிறது, இரவில் தலைவிரித்து நிற்கும் உருவமாகத் தெரியும் குணமும் இருக்கிறது. அதைவிட முக்கியம், பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். ஒரு மரத்தடியில் கவிழ்ந்த ஒரு சொம்பு, அதிலிருந்து வெள்ளையாக எதுவோ சிந்திக் கிடக்கிறது. பாலா கள்ளா என்று படம் சொல்லக் கூடாது. மார்செய் துளிகள் விழுகின்றனவா ஏறுகின்றனவா என்று தெரியாத அதே குழப்பத்தை இந்தச் சொம்பு தரையில் செய்கிறது.

சிங்கி இறாலின் இடத்துக்கு வயல் நண்டு. இதற்குக் கற்பனைகூட வேண்டாம். கடக ராசியின் அதிபதி சந்திரன் என்பது நம் சோதிடத்திலும் உண்டு, ஐரோப்பியச் சோதிடத்திலும் உண்டு. இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் பலர் கடகத்தை நண்டாக வரையாமல் இறால் மாதிரிதான் வரைந்தார்கள். அதனால் அந்த இடத்தில் நண்டை வைப்பதைப் பழைய தொடர்பைத் திரும்பக் கொண்டு வருவதாகவே எடுத்துக்கொள்ளலாம். வரப்போரத்து வளையிலிருந்து பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. மார்செய் செதுக்கியவரைப் பின்பற்றி நண்டை மட்டும் நேர் மேலிருந்து பார்க்கிற கோணத்தில் வரையலாம். பாதை வேண்டுமா? வரப்பே பாதை. ஸ்மித்தின் வளைந்த பாதையைவிட எனக்கு வரப்பு பிடிக்கிறது. ஒற்றையடி, இரண்டு பக்கமும் தண்ணீர், இருட்டில் கால் வைக்க யோசிக்க வேண்டிய இடம்.

இப்போது கணக்குப் பார்த்தால் எலும்பு முழுக்க மார்செய், கண்ணை இழுக்கும் பாதை ஸ்மித் கொடுத்த யோசனை, சின்னத்தை எந்த நியாயத்தோடு மாற்றுவது என்பது தோத் காட்டிய வழி, சதை நம்முடையது. என் தேர்வு இதுதான். டாரட் தெரிந்த அயல்நாட்டுக்காரர் எலும்பை வைத்துப் படிப்பார். டாரட்டே தெரியாத தமிழர் நாலாம் பிறையையும் பனையையும் பார்த்து, ‘ஏதோ வீண்பழி சமாச்சாரம் போலிருக்கிறது’ என்று தொட்டுவிடுவார். இரண்டு பேருக்கும் வேறு வேறு வாசல், உள்ளே ஒரே வீடு.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் பொருந்தாது. கூட்டுக் கட்டின் ஒருங்கிணைப்பாளர் ‘ஆரம்ப நிலை வாசகர்களுக்கு’ என்று சொல்லியிருந்தால் ஸ்மித் வழியில் போவதே மரியாதை; அங்கே புதுமை காட்டினால் கார்டைக் கையில் எடுத்தவர்தான் தடுமாறுவார். கெடு ஒரு வாரம்தான் என்றாலும் ஸ்மித்தே நல்லது, அவருடைய அமைப்பில் கையை வைத்துத் தோற்பது கஷ்டம். 22 கார்டும் நீங்களே வரையப் போகிறீர்கள் என்றால் மட்டும் எலும்பையும் உடைத்துவிட்டு முழுக்கச் சொந்த அமைப்புக்குப் போகலாம். அப்போது ஒரு கார்டில் அறிமுகமான சின்னம் இன்னொரு கார்டில் திரும்பி வந்து தானே பொருள் சேர்த்துக்கொள்ளும். ஒற்றைக் கார்டுக்கு அந்த வசதி இல்லை. இயந்திரத்திடம் கேட்டு வாங்குகிற படத்தைப் பற்றி ஒரு வரி போதும்: அது கொண்டுவந்து கொடுப்பது பெரும்பாலும் உடை மாற்றிய ஸ்மித் கார்டாகத்தான் இருக்கும், அதைச் செய்ய நமக்கே தெரியும்.

அச்சுக்குப் போகும் முன்

வழக்கமான டாரட் அளவு 70 × 120 மி.மீ. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம்) சேர்த்தால் 76 × 126. 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இது சுமார் 898 × 1488 பிக்சல். நான் இரட்டிப்பு அளவில் வரைந்து பிறகு குறைப்பேன். வெட்டும்போது கத்தி ஒரு மில்லிமீட்டர் நகர்வது சாதாரணம் என்பதால் எண்ணையும் பெயரையும் ஓரத்திலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே வையுங்கள்.

பார்டர் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வெள்ளை பார்டர் வைத்தால் கத்தி நகர்ந்தது பளிச்சென்று தெரியும். ஓரம் வரை இருட்டு நிறம் போனால், கலைத்துக் கலைத்து ஓரம் தேய்ந்து வெள்ளை நார் தெரிய ஆரம்பிக்கும். இரவுக் காட்சிக்கு நான் நடுத்தர நிறத்தில், கையால் போட்ட மாதிரி ஒழுங்கில்லாத பார்டரைத்தான் எடுப்பேன். இரண்டு குறையும் அதில் மறைந்துவிடும்.

நிறத்தில் ஏமாறுவது நீலத்தில்தான். திரையில் ஆழ்ந்த இரவு நீலமாகத் தெரிவது அச்சில் கத்திரிப்பூ நிறமாக வந்து நிற்கும். அச்சின் நீல மையான சயானும் இளஞ்சிவப்பு மையான மெஜந்தாவும் அளவில் நெருங்கினால் இப்படி ஆகும். சயான் 100 சதவீதம் என்றால் மெஜந்தா 60, 70க்குள் நிற்கட்டும். அச்சு நிற முறையான சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றுவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாமல், நிறம் போட ஆரம்பிக்கும்போதே மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது. நான்கைந்து நிறத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தலைவலி பாதி குறையும், மார்செய் எலும்புக்கும் அது ஒத்துப்போகும்.

சின்னங்களை அடுக்கிக்கொண்டே போகும் ஆசைக்கு ஒரு கடிவாளம் உண்டு. படத்தை ஃபோனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பிறை, இரண்டு மரம், இரண்டு நாய், நடுவே வரப்பு, இவை தெரிய வேண்டும். நண்டு ஒரு புள்ளியாகத் தெரிந்தால் போதும். சொம்பும் அறுந்த கயிறும் தெரியாமல் போனால் கவலை இல்லை. அவை கார்டைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடிப்பவருக்காக வைத்தவை. இதற்கு மேலே எதைச் சேர்க்கத் தோன்றினாலும், அது எந்த வேலையைச் செய்கிறது, அந்த வேலையை ஏற்கெனவே படத்தில் வேறொன்று செய்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேர்க்கவும். ஆந்தை வைக்கலாமா என்று என்னிடம் கேட்டால், வேண்டாம். நாலாம் பிறையும் பனையும் இருக்கும்போது ஆந்தைக்கு வேலை இல்லை.

தலைப்பும் எண்ணும் எப்படி வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிலாவுக்கு எல்லா வழியிலும் 18தான், பிரச்சினை இல்லை. உங்களுக்கு வந்தது வலிமை அல்லது நீதி என்றால் நிலைமை வேறு. மார்செய் வரிசையில் நீதி 8, வலிமை 11. 1909 கட்டில் வெயிட் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். எந்த வரிசை என்று கேட்காமல் ரோமன் எண்ணை அலங்காரத்தோடு சேர்த்து வரைந்துவிட்டால் ஒரே கட்டில் இரண்டு எட்டாம் கார்டு வந்து நிற்கும். எண்ணைத் தனி லேயரில் வைத்துக்கொண்டால் அந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.